கடலுக்கு முகவரி இல்லை

தடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தமயந்தி ஓடினாள்.

மூன்றாவது முறையாக அந்தப் பழுப்புப் பறவை வானத்திலிருந்து எறிந்த கல்லைப் போல இறங்கியது. பருந்தளவு உடம்பு. கடைசி நொடியில் தடியின் நுனியில் 'டக்' என்று ஓர் அடி, காதோரம் ஒரு காற்று, அவ்வளவுதான். மறுபடி மேலே போய்விட்டது. ஸ்குவா என்று பெயராம். மற்றப் பறவைகளின் வாயிலிருந்து மீனைப் பிடுங்கித் தின்கிற கொள்ளைக்கார ஜாதி.

"எது உயரமோ அதைத்தான் கொத்தும். அது உன் தலையாக இருக்க வேண்டாம்" என்று சொல்லித் தடியைக் கையில் திணித்தவன் படகோட்டி ஸ்தெய்னார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தான்.

"வடக்கிலிருந்து அலை திரும்புகிறது. மூன்று மணிக்குக் கயிற்றை அவிழ்ப்பேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அடுத்த படகு பன்னிரண்டு நாள் கழித்து."

இப்போது ஒன்று இருபது. ஒரு மணிக்கு இறங்கியதில் இருபது நிமிடத்தை எலி அறை தின்றுவிட்டது. ஸ்கெல்வோய் தீவில் கால் வைக்கும் யாராக இருந்தாலும் படகுத்துறைக் கொட்டகைக்குள் நின்று, கதவைச் சாத்தி, பையைத் தலைகீழாகக் கொட்டி, சப்பாத்தைக் கூடக் கழற்றி உதற வேண்டும். கர்ப்பிணி எலி ஒன்றே ஒன்று தப்பினால் தீவே போச்சு என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எலி கடிக்கிற கவலையில் தமயந்தி வரவில்லை. அவளுக்கு வேறு கவலை.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல், இந்தத் தீவில் வேலை பார்க்கும் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நான் தமயந்தி கதைக்கிறன்."

மறுமுனையில் தீவின் காற்று இரைந்தது. பிறகு குகதாசன் மிக அமைதியாகச் சொன்னான்.

"நீ தமயந்தி இல்லை."

வைத்துவிட்டான். அதன்பிறகு எடுக்கவே இல்லை. திரோம்சோ நகரத்தில் பல் மருத்துவர் அவள். ஆறு பேரின் வாயை அரைகுறையில் விட்டுவிட்டு, இரண்டு விமானம், ஒரு பேருந்து, ஐந்து மணிநேரப் படகு என்று நோர்வேயின் வட விளிம்புக்கே வந்துவிட்டாள். அம்மா அப்பா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. அவளைக் குழந்தையாகப் பார்த்த ஆள் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த ஒரு அண்ணன். அவனையும் ஒரு தீவு விழுங்க விடுவதாக இல்லை.

தீவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று கிலோமீட்டர் நீளம், ஒன்று அகலம். ஒரு மரம் கிடையாது. காலை வைத்தால் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும் புல்தரை, அதில் எங்கே பார்த்தாலும் முயல் வளை போல ஓட்டைகள். கிழக்கே சரிவு, வடக்கே இருநூறு அடி செங்குத்துப் பாறை. அதற்கப்பால் பனிக்கட்டிக் கடல்தான்.

"அக்கா! ஓட்டையில கால வச்சிராதீங்க! உள்ள குஞ்சு இருக்கு!"

ஆய்வு நிலையத்தின் வாசலில் நின்று கையை ஆட்டியவன் வில்பிரட். தூத்துக்குடிக்காரன், மின்னணுப் பொறியாளன், வயது முப்பத்தைந்து. நாலு மாதம் முன்பு வந்தவன். தொலைபேசியில் பேசிப் பழக்கம்.

"அண்ணை எங்க?"

"காலையிலேயே கம்பத்துக்குப் போயிட்டாரு. சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டாரு. மொதல்ல உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி..."

"காப்பி குடிக்கவே நான் வந்தனான்? அவருக்கு என்ன செய்தனீங்கள் எண்டு சொல்லும். எனக்கு விளங்கிற மாதிரி."

வில்பிரட் அவளை உள்ளே கூட்டிப் போனான். ஜன்னல் வழியே தூரத்தில் கறுப்பாய் ஓர் இரும்புக் கம்பம் தெரிந்தது.

"அந்தக் கம்பம்தான் அழைப்பான். இங்க ஒரு காலத்துல லட்சம் ஜோடி கடற்கிளி இருந்துச்சு. பஃபின்னு சொல்லுவாங்கள்ல, ஆரஞ்சு மூக்கு, கோமாளி மாதிரி நடக்கும், அது. சரக்குக் கப்பல்ல வந்த எலி முட்டை, குஞ்சு ஒண்ணு விடாம தின்னு தீத்துருச்சு. எலிய ஒழிச்சாச்சு. ஆனா காலி வீட்டுக்கு யாரு வருவா? வேற தீவுல இருந்து குஞ்சு கொண்டாந்து வளத்தோம். ரெக்க மொளச்சதும் கடலுக்குப் போச்சு. நாலஞ்சு வருஷம் கழிச்சு முட்டையிட கரெக்டா பழைய தீவுக்கே போயிருச்சு."

"பிறகு?"

"பறவ மூளைக்குள்ள பொறந்த எடத்தோட காந்த அடையாளம் அச்சடிச்சு இருக்கும் அக்கா. வீட்டு நம்பர் மாதிரி. அழைப்பான் அந்த நம்பர அழிச்சிட்டு இந்தத் தீவோட நம்பர எழுதும். கம்பம் ஓடுனாத்தான் அந்த நம்பர் இங்க பொருந்தும். அழிக்காம எழுத முடியல. அதான் வெனையே."

"மனுசருக்கும் அழிக்குமோ?"

"மெதுவா அழிக்கும். அதான் ஆறு மாசத்துக்கு மேல யாரும் தங்கக் கூடாதுன்னு சட்டம். சனிக்கிழமை சனிக்கிழமை ஊர்ச்சீட்டு எழுதணும். பத்துக் கேள்வி. உங்க தெரு பேரு என்ன, வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்கும், பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில என்ன கடை... ரெண்டு தப்பாச்சுன்னா அடுத்த படகுல ஏத்தி விட்டுருவாங்க. ஒங்க அண்ணன் மூணு வருஷமா பத்துக்குப் பத்து. பாறை மாதிரி ஞாபகம்னு தலைமை ஆபீசே ஆச்சரியப்பட்டு அவர விட்டு வச்சிருக்கு."

"பத்துக்குப் பத்து எழுதிற ஆளுக்குச் சொந்தத் தங்கச்சியைத் தெரியேல்லையோ?"

"அதான் எனக்கும் பிடிபடல." வில்பிரட் தலையைச் சொறிந்தான். "ஆள மறக்கக் கூடாதே. நெலத்துல, கால் பதிஞ்ச எடத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கற ஞாபகம் மட்டும்தான் போவும். கடல்ல நடந்தத அது தொடவே தொடாது. தொட்டா மீன் எங்க கெடைக்கும்னு பறவைக்கு மறந்துரும்ல? கடலுக்கு ஏது அக்கா முகவரி? முகவரி இல்லாதத இது அழிக்காது."

"நீர் தூத்துக்குடியில எந்தத் தெரு?"

கேட்டதும் வில்பிரட் சிரித்தான். வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. மூன்று நொடி. நாலு. மெல்லக் கைபேசியை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தவன், அவள் பார்ப்பதை உணர்ந்து அதைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"அடுத்த மாசம் நான் எறங்கிருவேன்" என்றான், யாரோ மிரட்டியதைப் போல.

"அண்ணையின்ர அறையைக் காட்டும்."

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு தொலைபேசி. மேசையில் பறவைகளின் காலில் மாட்டும் வளையங்கள் வைக்கும் தகரப்பெட்டி. தொலைபேசிக்குப் பக்கத்தில் அது ஏன் இருக்கிறது? தமயந்தி மூடியைத் திறந்தாள். மூடியின் உட்புறம் முழுக்க நீல மையில் பொடிப்பொடியாக எழுத்து.

*தெரு: ஆலடி ஒழுங்கை. வாசல்: கிழக்கு. முற்றத்தில்: விளாட் மாமரம். கிணறு: பங்குக்கிணறு. கடை: செல்லையரின் கடை, தோடம்பழ இனிப்பு...*

பத்துக் கேள்விக்கும் பத்து விடை. கீழே இன்னும் கொஞ்சம்.

*ஞாயிறு தங்கச்சி எடுப்பாள். சொல்ல வேண்டியது: 1. மாமரத்தால் விழுந்த கதை. 2. அப்பாவின் மீன் ஆலைக் கதை. 3. அவளுக்குப் பல் பிந்தி விழுந்தது, வகுப்பில் அவள்தான் குட்டை.*

தமயந்தி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் அதே மூன்று கதைகளைத்தான் சொன்னான். அதே வரிசையில், அதே சொற்களில். வயதாகிறது, சொன்னதையே சொல்கிறார் என்று அவளும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பல் கதை உண்மைதான். மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் அவளுடைய தாடை எக்ஸ்ரேயை வகுப்புக்கே காட்டி, "இந்தப் பெண்ணின் பற்கள் அவளுடைய பிறப்புச் சான்றிதழைவிட இரண்டு வயது இளையவை" என்று பகிடி பண்ணியிருக்கிறார்.

மூடியை மறுபடி பார்த்தாள். செல்லையரின் பெயர் இருந்தது. மாமரத்தின் ஜாதி இருந்தது. தங்கச்சியின் பெயர் மட்டும் எங்குமே இல்லை.

"பாத்து எழுதியிருக்காரு!" வில்பிரட்டுக்குக் குரல் உடைந்தது. "மூணு வருஷமா பாத்து எழுதியிருக்காரு அக்கா! இத்தன நாள் இதுக்குக் கீழயே இருந்தா மண்டைக்குள்ள ஒரு செங்கல்கூட மிஞ்சியிருக்காதே!"

"அழைப்பானை நிப்பாட்டும்."

"முடியாது. முந்நூத்தி நாப்பது குஞ்சு இந்த வாரம் கடலுக்கு எறங்கப் போவுது. இப்ப நிப்பாட்டினா அதுகளுக்கு வீடே கெடையாது. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. சாகற வரைக்கும் கடல்லயே சுத்தும்."

"குஞ்சுகளுக்கு இரங்கிறீர். எனக்கிருக்கிறது ஒரு அண்ணை."

தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மணி ஒன்று ஐம்பது.

கம்பம் நட்டிருந்த இடம் ஒரு காலத்தில் ஊர். பதினேழு குடும்பம் இருந்ததாம். உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில், பின்வாங்கிப் போன படை எல்லோரையும் கப்பலில் ஏற்றிவிட்டு வீடுகளைக் கொளுத்திவிட்டுப் போனது. யுத்தம் முடிந்து திரும்பி வந்து அதே அத்திவாரத்தில் மறுபடி கட்டினார்கள். இருபது வருடம் தாக்குப் பிடித்துவிட்டு, துறைமுகம் இல்லை, வைத்தியர் இல்லை என்று அவர்களாகவே போனார்கள். இப்போது மிச்சம் பதினேழு கற்சதுரங்களும் ஒற்றைப் புகைபோக்கியும்தான். சமையலறை இருந்த இடங்களிலெல்லாம் கடற்கிளிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. வாய் நிறையக் குறுக்குவாட்டில் மீனை அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாய் வந்து இறங்கி, குடுகுடுவென்று உள்ளே ஓடின.

கம்பத்தின் அடியில், செம்மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு மனிதன் முழங்காலில் இருந்து ஒரு குஞ்சைத் துணிப்பையில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தான். தாடி முழுக்க நரைத்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயதுக்கு எழுபது சொல்லலாம்.

"எலி அறையால வந்தனீங்களோ?" தலையை நிமிர்த்தாமலே கேட்டான் குகதாசன்.

"அண்ணை."

"எலி அறையால வந்தனீங்களோ எண்டு கேட்டனான்."

"வந்தனான்."

"அப்ப சரி." நிமிர்ந்து பார்த்தான். முகம் இளகியது. "சப்பாத்து நனைஞ்சு போச்சு உனக்கு. இதில இரு பிள்ளை."

பிள்ளை என்கிறான். அப்படியானால் தெரிகிறது! தமயந்திக்கு உயிர் வந்தது. அவன் முன்னால் குந்தினாள்.

"அண்ணை, எங்கட வீட்டு முத்தத்தில என்ன மரம் நிண்டது?"

"மரமோ?" குகதாசன் சுற்றுமுற்றும் பார்த்தான். மரமில்லாத தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. "இஞ்ச மரம் ஒண்டும் இல்லையே."

"இஞ்ச இல்லை, ஊரில. வீட்டு வாசல் எந்தப் பக்கம்? கிணறு? அம்மா அடுப்பு மூட்டிற இடம்?"

"அம்மா தெரியும். அவ எதில நிக்கிறா எண்டு தெரியேல்லை." கையால் காற்றில் ஏதோ வரைந்தான். "அவவைச் சுத்தி ஒண்டும் இல்லை. வெள்ளையாக் கிடக்கு."

"அம்மா எங்க செத்தவ?"

"செத்தவ எண்டு தெரியும்."

கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டாள்.

"என்ர பேர் என்ன, அண்ணை?"

குகதாசன் குஞ்சைப் பையிலிருந்து எடுத்து, வளைக்குள் மெதுவாக விட்டான். பிறகு சொன்னான்.

"தமயந்தி இல்லை."

அவள் எழுந்தாள். கம்பத்தின் இடுப்பளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. யோசிக்கவே இல்லை. பிடித்துத் திருகினாள்.

இவ்வளவு நேரமும் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, இறங்குவதற்காக இறக்கையைக் குறுக்கிய ஒரு கடற்கிளி இறங்காமல் மேலே எழும்பியது. அதற்குப் பின்னால் வந்ததும் எழும்பியது. ஐம்பது. ஐந்நூறு. வாயில் மீனைக் கவ்விக்கொண்டு அத்தனை பறவைகளும் தீவுக்கு மேலே வட்டம் போடத் தொடங்கின. நேற்றுவரை வீடாக இருந்த தரையை முன்பின் பார்த்திராத தரையாகப் பார்த்துக்கொண்டு சுற்றின. ஸ்குவாக்களுக்குக் கொண்டாட்டம், இரண்டு, மூன்றாய்ப் புகுந்து மீனைப் பிடுங்கின. வளைகளுக்குள்ளிருந்து பசித்த குஞ்சுகளின் கீச்சொலி நிலத்துக்கு அடியிலிருந்து கிளம்பியது.

"அக்கா, வேண்டாம் அக்கா! போடுங்க!" சரிவில் வில்பிரட் விழுந்தடித்து ஓடி வருவது தெரிந்தது.

"போடு பிள்ளை" என்றான் குகதாசன்.

"மாட்டன். உங்களுக்கு ஞாபகம் வரட்டும்."

"விசர்க்கதை கதைக்காதை. நிப்பாட்டினா வருமெண்டு ஆர் சொன்னது? வீடு எரிஞ்சாப் பிறகு நெருப்பை அணைச்சு என்ன? போனது போனதுதான்." மெதுவாகத்தான் பேசினான். "என்னை ஒருத்தரும் இஞ்ச மறிச்சு வைக்கேல்லை. அழியும் எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். அழியவேணும் எண்டுதான் வந்தனான்."

"என்ன?"

"ஒரு விசயத்தை மறக்கவேணும் எண்டு வந்தன். ஒண்டே ஒண்டு. மற்றதெல்லாம் போயிட்டுது, அது மட்டும் போகேல்லை. போன கிழமை யோசிச்சுப் பார்த்தன், என்ர தலைக்குள்ள இப்ப அது ஒண்டுதான் கிடக்கு."

"எது?"

வானத்தைப் பார்த்தான். "முதல்ல இதுகளுக்கு வீட்டைக் குடு. பாவங்கள்."

கீழே படகுத்துறையிலிருந்து ஊதல் ஒலித்தது. நீளமாய் ஒன்று. மணி இரண்டு நாற்பது.

"நீங்கள் என்னோட படகில வாறதெண்டாப் போடுறன்" என்றாள் தமயந்தி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். முந்நூற்று நாற்பது உயிரை வைத்து அண்ணனிடம் பேரம் பேசுகிறோம் என்று தெரிந்தே சொன்னாள்.

குகதாசன் அவளைப் பார்த்தான். படகுத்துறைப் பக்கம் பார்த்தான்.

"வாறன். போடு."

சாவி திரும்பியது. ரீங்காரம் எழுந்தது. வட்டம் உடைந்து, ஒவ்வொன்றாய், தடுமாறித் தடுமாறி, பறவைகள் இறங்கத் தொடங்கின. மூச்சிரைக்க வந்து சேர்ந்த வில்பிரட் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் மேலேயே சாய்ந்தான்.

"நீரும் வாரும்" என்றாள் தமயந்தி.

"அடுத்த படகுல வர்றேன் அக்கா. குஞ்செல்லாம் எறங்கட்டும்." கொஞ்சம் தயங்கினான். "மாதா கோயில் பின்பக்கம். எங்க தெரு. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஞாபகம் வந்துச்சா, கைபேசியில பாத்தேனான்னு கேக்காதீங்க."

சரிவில் இறங்கினார்கள். குகதாசன் இடது கையால் அவள் கையைப் பற்றியிருந்தான். அவள் மறுகையில் தடி, இருவர் தலைக்கும் பொதுவாக. ஸ்குவா இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. இரண்டு ஐம்பத்தைந்துக்குப் படகுத்துறை.

துறை என்பது ஒரு பாறை விளிம்பு, அதில் அடித்த இரண்டு இரும்பு வளையம், அவ்வளவே. அலை ஏறும்போது படகின் கம்பி இடுப்புக்கு வந்தது. இறங்கும்போது இரண்டு ஆள் ஆழத்துக்குப் போனது. நடுவில் பச்சையாய்ப் பிளந்து பிளந்து மூடியது கடல்.

"மேலே வரும்போது தாவு!" ஸ்தெய்னார் கத்தினான். "ஒரு கை கம்பிக்கு, ஒரு கை எனக்கு! முதலில் அவர்!"

குகதாசன் நகரவில்லை.

அப்போதுதான் தமயந்தி அவனுடைய வலது கையைக் கவனித்தாள். இறுக மூடியிருந்தது. முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. உள்ளே எதையோ பொத்திப் பிடித்திருப்பதைப் போல. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை.

"அண்ணை, அந்தக் கையாலை கம்பியைப் பிடியுங்கோ!"

"ஏலாது."

"கையைத் திறவுங்கோ!"

"திறந்தாப் போயிடுவாள்."

அலை ஏறியது. இறங்கியது. ஸ்தெய்னார் கயிற்றில் கை வைத்துவிட்டான்.

"மூன்று வருடமாக இதே கதைதான்!" என்று கத்தினான். "இவர் வந்தது ஹெலிகாப்டரில். ஒவ்வொரு முறையும் இந்தப் பாறை வரைக்கும் வருவார், நிற்பார், திரும்பிப் போய்விடுவார்! இன்னும் இரண்டு அலை பார்ப்பேன்!"

"ஆர் போயிடுவாள்? அண்ணை, என்னைப் பாருங்கோ. ஆர்?"

"கிளாலிக் கடல் பிள்ளை. சண்டைக்குத் தப்பி ஊரை விட்டு ஓடின இரவு." குகதாசனின் கண் தண்ணீரை விட்டு அசையவில்லை. "அஞ்சு வள்ளம், ஒண்டுக்குப் பின்னால ஒண்டு கட்டி இழுத்துக்கொண்டு போறாங்கள். அம்மா பின் வள்ளத்தில, சாமானோட. எங்கட வள்ளம் புரண்டு போச்சு. எனக்குப் பதின்மூண்டு வயசு. ரெண்டு கையிலயும் ரெண்டு பேர். வள்ளத்தைப் பிடிக்க ஒரு கை வேணும். ஒரு கை வேணும் பிள்ளை! நான்..."

அலை பாறையில் மோதி இருவரையும் நனைத்தது. மிச்சம் கேட்கவில்லை.

தினமும் திறக்க மறுக்கும் வாய்களைத் திறக்கிறவள் அவள். தடியை எறிந்துவிட்டு அந்த முட்டியைப் பிடித்தாள். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாய் நெம்பினாள். மோதிரவிரல். நடுவிரல். அவன் அலறினான். அவள் விடவில்லை. கடைசி விரலும் நிமிர்ந்தது. உள்ளங்கையில் நாலு நகங்களின் தடம், இரத்தம் கட்டி.

"இப்ப நான் பிடிச்சிருக்கிறன், நீங்கள் இல்லை! விளங்குதோ? நான் உங்களை விடமாட்டன்!"

படகு மேலே வந்தது. தாவினார்கள். குகதாசனின் வலது கை கம்பியைப் பற்றியது. ஸ்தெய்னார் இருவரையும் கோட்டுக் கழுத்தில் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுக் கயிற்றை அறுத்தே விட்டான். அவிழ்க்க நேரம் இருக்கவில்லை.

படகு அறைக்குள் டீசல் வாடை. குகதாசன் பலகையில் சுருண்டு, திறந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் தீவு சிறுத்துக்கொண்டே போனது. ஸ்தெய்னார் வானொலியை எடுத்தான். தீவின் மறைவைத் தாண்டுமுன் படகில் இருக்கிற ஒவ்வொருவரின் பெயரையும் கரைக்குச் சொல்லிவிட வேண்டும். மூழ்கினால் யாரைத் தேடுவது என்று தெரிவதற்காக. இந்தக் கடலில் அது வழக்கம்.

"மூன்று பேர். ஸ்தெய்னார். குகதாசன்." திரும்பினான். "நீ?"

"தமயந்தி."

"இல்லை" என்றான் அண்ணன்.

படகின் இரைச்சலில் அது தெளிவாகவே கேட்டது. அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். பார்வையில் குழப்பம் ஏதும் இல்லை. தீவில் வில்பிரட் சொன்னது அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. நிலத்தில் நடந்ததைத்தான் அது அழிக்கும். கடலில் நடந்ததைத் தொடாது.

மூன்று வருடமாக அண்ணன் தலைக்குள் அழியாமல் கிடப்பது அந்தக் கடல் ஒன்றுதான்.

"அந்தக் கையில இருந்தவள்தான் தமயந்தி" என்றான் குகதாசன். "நாலு வயசு. மற்றக் கையில நீ. உனக்கு ரெண்டு. அப்பா நோர்வேயில இருந்து எங்களைக் கூப்பிடக் குடுத்த கடுதாசியில ஒரு மகளின்ர பேர்தான் இருந்தது. நீ அவர் போனாப் பிறகு பிறந்தனி, பதியேல்லை. கடுதாசியில இருந்த பிள்ளை போயிட்டுது. இல்லாத பிள்ளை மிஞ்சீட்டுது. கரை சேர முதலே, வள்ளத்துக்குள்ள வைச்சு, அம்மா இதெல்லாம் சொல்லி உனக்கு அவளின்ர பேரை வைச்சா. என்னட்டைச் சத்தியம் வாங்கினா. வீட்டுக்குள்ள கட்டின பொய் பிள்ளை அது. வீடு போக அதுவும் போயிட்டுது."

பிந்தி விழுந்த பற்கள். வகுப்பில் குட்டை. தகர மூடியில் எழுதாமல் விட்ட பெயர்.

ஸ்தெய்னாருக்குத் தமிழ் தெரியாது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். "பெயர் வேண்டும்" என்றான், இந்த முறை கொஞ்சம் தணிந்து.

அவள் அண்ணனின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கம்பத்தடியில் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

"என்ர பேர் என்ன, அண்ணை?"

நாற்பத்தாறு வருடமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர். உதட்டைக் கூட்டி ஒருமுறை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"வைஜயந்தி."